உடன்பிறந்தாரோடு ஊர் காணல்

உரைநடை உலகம்

நுழையும்முன்

ஊரைக் கடந்து செல்வது வேறு. ஊரைக் காண்பது வேறு. பேருந்தின் சன்னலோரம் அமர்ந்து நூறுமுறை கடந்த தெருவில் ஒருமுறைகூட இறங்கி நடந்திராதவர் பலர். தமிழிலக்கியம் ஊர் காணுதலைத் தனியொரு செயலாகவே மதித்துப் பாடியுள்ளது. தொடர் விடுமுறையின் மூன்று நாள்களில் உடன்பிறந்தார் மூவர் மதுரை மாநகரைக் கண்டு வருவதாக இப்பாடம் அமைந்துள்ளது. ஒரு நகரத்தை எவ்வாறு காண வேண்டும்? அதனைக் காணும் வாய்ப்பு எல்லார்க்கும் ஒன்றுபோல் கிட்டுகிறதா? இவ்விரண்டு வினாக்களையும் மனத்தில் கொண்டு பாடத்தைப் படிக்கலாம்.

புறப்பாடு

மதுரைக்கு வடக்கே ஏறத்தாழ 15 கி.மீ. தொலைவில் உள்ளது அலங்காநல்லூர். தை மாதம் மூன்றாம் நாள் நடைபெறும் ஏறுதழுவுதலால் உலகறிந்த ஊர் அது. பெரியாற்றுக் கால்வாயின் நீரால் நெல்லும் கரும்பும் விளையும் வயல்கள் அவ்வூரைச் சூழ்ந்துள்ளன. அங்கு வாழும் உடன்பிறந்தார் மூவரை எண்ணிக்கொள்வோம். அண்ணன் மதுரையில் உள்ள கல்லூரியொன்றில் இரண்டாம் ஆண்டு பயில்கிறான். தங்கை பதினொன்றாம் வகுப்பு மாணவி. தம்பி ஏழாம் வகுப்பில் படிக்கிறான்.

சனி, ஞாயிறு, திங்கள் என மூன்று நாள்கள் விடுமுறை வந்தது. வைகையின் வடகரையில் உள்ள செல்லூரில் அவர்களுடைய அத்தை வீடு இருந்தது. அங்குத் தங்கி மதுரையைச் சுற்றிப் பார்த்துவர மூவரும் இசைவு கேட்டனர். "அண்ணனின் கையை விடாமல் போய் வாருங்கள்" என்று கூறித் தந்தை விடைகொடுத்தார்.

மூவருக்கும் மதுரை புதியதன்று. ஆயினும், மூவரும் அறிந்த மதுரை ஒன்றன்று. நாள்தோறும் சென்று வரும் அண்ணனுக்கு மதுரை என்றால் பேருந்து நிலையம், கல்லூரி, நண்பர்கள் கூடும் தேநீர்க் கடை. தம்பிக்கு மதுரை என்றால் சித்திரைப் பொருட்காட்சியும் ஜிகர்தண்டாவும். தங்கைக்கோ அது துணிக்கடை, மருத்துவமனை, திருவிழா என்னும் மூன்றே. அம்மூன்றுக்கும் அவள் பெரியவர் ஒருவரின் பின்னால் நடந்தே சென்றிருக்கிறாள். எந்தத் தெரு எந்தத் தெருவில் சென்று சேரும் என்பதை அவள் அறியாள். அறிய வேண்டிய தேவையும் நேரவில்லை.

இம்முறை அவளுக்கு ஒரு நோக்கம் இருந்தது. மதுரையில் புது நத்தம் சாலையில் கலைஞர் நூற்றாண்டு நூலகம் 2023 ஜூலை 15 அன்று திறக்கப்பட்டது. விடுமுறை நாள்களில் அங்குச் சென்று படிக்க வேண்டும் என்று அவள் பலமுறை வீட்டில் கேட்டிருந்தாள். "தனியாக எப்படிப் போவாய்? வழி தெரியுமா?" என்னும் வினாவோடு அப்பேச்சு ஒவ்வொரு முறையும் நின்றுபோனது. ஆகவே, புறப்படும்போது நாற்பது பக்கக் குறிப்பேடு ஒன்றையும் எழுதுகோலையும் பையில் எடுத்து வைத்துக்கொண்டாள்.

தெருக்களே ஏடுகள்

முதல்நாள் காலையில் மூவரும் மீனாட்சியம்மன் கோயிலின் கீழைக் கோபுரத்தருகே நின்றனர். மதுரையின் பழைய நகரம் கோயிலை நடுவில் கொண்டு சதுரம் சதுரமாக விரிவது. கோயில் மதிலுக்குள் ஆடி வீதிகள். மதிலை அடுத்து வெளியே சித்திரை வீதிகள். அவற்றைச் சூழ்ந்து ஆவணி மூல வீதிகள். அவற்றையும் சூழ்ந்து மாசி வீதிகள். எல்லாவற்றுக்கும் புறத்தே வெளி வீதிகள். ஒவ்வொரு சுற்றுக்கும் திசைக்கு ஒன்றாக நான்கு வீதிகள். எனவே, ஒரு வீதியின் பெயரில் திசையும் மாதமும் இருந்தால், கோயிலிலிருந்து எப்பக்கம், எத்தனையாவது சுற்று என்பதை எவரும் உய்த்துணரலாம். தங்கை குறிப்பேட்டின் முதல் பக்கத்தில் ஒன்றுக்குள் ஒன்றாகச் சதுரங்கள் வரைந்து பெயர்களை எழுதினாள்.

படத்தைப் பார்த்துக்கொண்டிருந்த தம்பி ஒரு வினாவை எழுப்பினான். "அண்ணே, சித்திரைத் திருவிழாத் தேர் மாசி வீதியில்தானே ஓடுகிறது? அப்படியானால் சித்திரை வீதி என்ற பெயர் எதற்கு?"

அண்ணனுக்கு விடை தெரியவில்லை. நாள்தோறும் அவ்வீதிகளைக் கடப்பவன், அவ்வினாவை ஒருநாளும் கேட்டுக்கொண்டதில்லை.

வினாவின் விடை வரலாற்றில் உள்ளது. மீனாட்சியின் திருமணமும் தேரோட்டமும் முற்காலத்தில் மாசி மாதத்தில் நிகழ்ந்தன. திருமலை நாயக்கர் காலத்தில் (1623–1659) அவ்விழா சித்திரைக்கு மாற்றப்பட்டது என்பர். விழா மாதம் மாறினாலும், தேர் ஓடிய வீதிகளின் பெயர் மாறவில்லை. பெயர்ப்பலகையில் உள்ள ஒரு சொல், மறைந்துபோன வழக்கமொன்றைக் காத்து வைத்திருக்கிறது.

மாசி வீதிகளைக் கடந்து வெளி வீதிகளை நோக்கி நடந்தால் மாரட் வீதி, பெருமாள் மேஸ்திரி வீதி என்னும் பெயர்கள் வருகின்றன. இவை மாதப் பெயர்கள் அல்ல, மனிதர் பெயர்கள். கோட்டையும் அகழியும் சூழ்ந்த நகரமாக மதுரை நெடுங்காலம் இருந்தது. 19ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் மக்கள்தொகை பெருகி, மதிலுக்குள் நெருக்கடி மிகுந்தது. அப்போது மாவட்ட ஆட்சியராக இருந்த பிளாக்பர்ன், கோட்டை மதிலை இடித்து அகழியைத் தூர்க்க ஏற்பாடு செய்தார். இடித்துத் தூர்க்கும் மக்களுக்கு அந்நிலமே வழங்கப்பட்டது. பணியை மேற்பார்த்த மாரட், பெருமாள் மேஸ்திரி ஆகிய இருவரின் பெயர்களும் அங்கு உருவான வீதிகளுக்கு அமைந்தன. பிளாக்பர்னின் நினைவாக நிறுவப்பட்ட விளக்குத்தூண், இன்று அப்பகுதிக்கே பெயராகிவிட்டது.

"அப்படியானால் நாம் இப்போது அகழியின் மேல் நிற்கிறோமா?" என்று தம்பி குனிந்து தரையைப் பார்த்தான்.

தெரிந்து தெளிவோம்

பத்துப்பாட்டுள் மிக நீண்டது மதுரைக்காஞ்சி. 782 அடிகளைக் கொண்ட இதனைப் பாடியவர் மாங்குடி மருதனார். பாட்டுடைத் தலைவன் தலையாலங்கானத்துச் செருவென்ற பாண்டியன் நெடுஞ்செழியன். பகற்பொழுதின் நாளங்காடியையும் இரவுப்பொழுதின் அல்லங்காடியையும் இந்நூல் காட்டுகிறது. மதுரையை இன்று 'தூங்கா நகரம்' என வழங்குவதற்கு ஈராயிரம் ஆண்டுப் பின்னணி உண்டு.

நிழலில் நின்றவர்கள்

நண்பகலில் மூவரும் விளக்குத்தூண் பகுதியை அடைந்தனர். பாலும் கடற்பாசியும் நன்னாரிச் சர்பத்தும் பனிக்கூழும் கலந்த ஜிகர்தண்டாவைத் தம்பி இரண்டு குவளை அருந்தினான். அப்போது அண்ணன், "கீழமாசி வீதி மொத்த வணிகக் கடைகளைப் பார்த்துவிட்டு வருகிறேன். சுமைவண்டிகளும் கூட்டமும் மிகுதி. உனக்குச் சரிப்படாது. தம்பியோடு இந்த நிழலில் நில்" என்று கூறிச் சென்றான்.

அவன் திரும்பி வர ஒரு மணிநேரம் ஆயிற்று. வந்தவன் மகிழ்ச்சியோடு தான் கண்டவற்றை எடுத்துரைத்தான். மிளகாய் மூட்டைகளின் நெடியையும், புளி எடை போடும் விரைவையும், வணிகர் துண்டின்கீழ் விரல்பிடித்து விலைபேசிய முறையையும் கூறினான். தம்பி வாய்பிளந்து கேட்டான். தங்கை கேட்டாள், ஆனால், குறிப்பேட்டைத் திறக்கவில்லை.

அன்றிரவு அத்தை வீட்டு மாடியில் படுத்திருந்தபோது, "அண்ணே, நீ பள்ளியில் சிலப்பதிகாரம் படித்தாயே, கோவலன் மதுரைக்கு வந்தவுடன் என்ன செய்தான்?" என்று அவள் கேட்டாள்.

"ஊரைச் சுற்றிப் பார்த்தான்."

"அப்போது கண்ணகி எங்கே இருந்தாள்?"

அண்ணன் மறுமொழி கூறவில்லை.

ஒரு நகரம், இரண்டு காதைகள்

சிலப்பதிகாரத்தின் மதுரைக் காண்டத்தில் 'ஊர்காண் காதை' என்னும் பகுதி உள்ளது. கோவலன் கண்ணகியை நகர்ப்புறத்தே கவுந்தியடிகளின் காவலில் விட்டுவிட்டு மதுரையைக் காணச் செல்கிறான். பொன்னும் மணியும் விற்கும் கடைத்தெருக்கள், துணி விற்கும் தெரு, கூலம் குவித்த தெரு எனப் பலவற்றையும் கண்டு உலவுகிறான். பிறகு திரும்பி வந்து, அந்நகரின் சிறப்பையும் பாண்டியனின் ஆட்சிச் சிறப்பையும் கவுந்தியடிகளிடம் எடுத்துரைக்கிறான். மதுரையின் அங்காடிகளை அறிய விரும்புவோர்க்கு அக்காதை இன்றும் ஓர் அரிய சான்று.

அதே காண்டத்தில் மற்றொரு பகுதியின் பெயர் 'ஊர்சூழ் வரி'. இதில் மதுரையின் தெருக்களில் நடப்பவள் கண்ணகி. கணவன் கள்வனெனப் பழிசுமத்தப்பட்டுக் கொல்லப்பட்டான் என்பதைக் கேட்டபின், எஞ்சிய ஒற்றைச் சிலம்பைக் கையிலேந்தி அவள் நடக்கிறாள். அந்நகரின் பெண்டிரையும் சான்றோரையும் தெய்வத்தையும் நோக்கி வினாக்களை எழுப்புகிறாள். கடைகளையும் மாடங்களையும் காணும் நிலையில் அவள் இல்லை.

கோவலன் ஊர் கண்டான். கண்ணகி ஊர் சூழ்ந்தாள். ஒருவனுக்கு அந்நகரம் கண்காட்சியாக இருந்தது. ஒருத்திக்கு அது வழக்குமன்றமாக மாறியது. கோவலன் தீய நோக்கத்தோடு கண்ணகியை விட்டுச் செல்லவில்லை. நெடுவழி நடந்து களைத்தவள்மீது கொண்ட அக்கறையும் அதில் உண்டு. எனினும், அக்கறையால் ஒருவரை நிழலில் நிறுத்திவிட்டுச் செல்லும்போது அவருக்குரிய காட்சியும் பறிபோகிறது. பின்னொரு நாள் அவர் அந்நகரில் தனியே நடக்க நேர்ந்தால், வழி சொல்ல எவரும் உடனிருப்பதில்லை.

வழிகேட்டு நடத்தல்

இரண்டாம் நாள் காலையில் அண்ணனே, "இன்று நீ முன்னால் நட, நாங்கள் பின்னால் வருகிறோம்" என்றான். அவள் முதலில் தயங்கினாள். பிறகு குறிப்பேட்டை எடுத்தாள்.

1636இல் கட்டப்பட்ட திருமலை நாயக்கர் மகாலை மூவரும் முதலில் கண்டனர். பெருந்தூண்களும் அவற்றை இணைக்கும் வளைவுகளும் தம்பியை அண்ணாந்து பார்க்க வைத்தன. இன்று எஞ்சியிருப்பது அரண்மனையின் ஒரு பகுதியே. எஞ்சாத பகுதிக்குச் சான்றாகச் சற்றுத் தொலைவில், ஒரு சந்தினுள், பத்துத் தூண்கள் தனித்து நிற்கின்றன. 'பத்துத்தூண்' என்பதே அப்பகுதியின் பெயர். அதற்குச் செல்லும் வழியை, மல்லிகைச் சரம் தொடுத்துக்கொண்டிருந்த முதிய பெண்மணி ஒருவரிடம் தங்கை கேட்டாள். "நேரே போய்க் கைப்பக்கம் திரும்பும்மா. கடைகளுக்கு நடுவில் நிற்கும்; தேடிப் பார்த்தால்தான் தெரியும்" என்றார் அவர். கூறியவாறே, துணிக்கடைகளுக்கு இடையே அத்தூண்கள் நின்றிருந்தன. வழி தெரியாமை ஒரு குறையன்று. வழிகேட்கத் தயங்குவதே குறை என்பதை அவள் அன்று உணர்ந்தாள்.

அடுத்து, மேலமாசி வீதியில் ஒரு வீட்டின்முன் நின்றனர். 1921 செப்டம்பர் 22 அன்று காந்தியடிகள் தம் முழுவுடையைத் துறந்து அரையாடைக்கு மாறியது இந்நகரில்தான். அவர் தங்கியிருந்த அவ்வீட்டில் இன்று கதர் விற்பனை நிலையம் உள்ளது. ஏழை உழவரின் உடையை அவர் ஏற்ற இடம் பெருமாளிகையன்று; கடைவீதியில் உள்ள ஒரு வீடு.

அங்கிருந்து மூவரும் மீண்டும் கோயிலுக்குச் சென்றனர். முதல்நாள் அவர்கள் இயல்பாகக் கடந்த வாயில்களை, தலைமுறை தலைமுறையாக மக்களுள் ஒரு பகுதியினர் கடக்க இயலாதிருந்தனர். 1939 ஜூலை 8 அன்று, விடுதலைப் போராட்ட வீரர் அ. வைத்தியநாதர் தலைமையில், கக்கன் உள்ளிட்ட ஒடுக்கப்பட்ட மக்கள் சிலர் மீனாட்சியம்மன் கோயிலுக்குள் சென்று வழிபட்டனர். அதே ஆண்டில் கோயில் நுழைவுக்குச் சட்டப் பாதுகாப்பும் கிடைத்தது. எல்லார்க்கும் திறவாத கோயிலுக்குள் நுழையாதிருந்த காந்தியடிகள், 1946 பிப்ரவரியில் இக்கோயிலுக்குள் வந்து வழிபட்டார். மேலூர் அருகேயுள்ள தும்பைப்பட்டியில் பிறந்த கக்கன், பின்னாளில் தமிழ்நாட்டின் அமைச்சராக விளங்கினார்.

நகரத்தின் தெருவும் வாயிலும் அனைவர்க்கும் உரியவை என்பது இன்று எளிய உண்மைபோல் தோன்றுகிறது. ஆனால், அவ்வுண்மை தானே வந்து அமையவில்லை. சிலர் துணிந்து முன்னால் நடந்தமையால் அமைந்தது.

வடகரையில் ஒரு வாசல்

பிற்பகலில் வைகையின் வடகரைக்கு வந்தனர். தமுக்கத்தில் உள்ள காந்தி நினைவு அருங்காட்சியகம், 1959 ஏப்ரல் 15 அன்று பிரதமர் நேருவால் திறந்து வைக்கப்பட்டது. காந்தியடிகள் சுடப்பட்டபோது அணிந்திருந்த குருதிக்கறை படிந்த ஆடை அங்குப் பாதுகாக்கப்படுகிறது. முதல்நாள் முழுதும் ஓயாது பேசிய தம்பி, அவ்வாடையின்முன் பேச்சற்று நின்றான்.

அக்கட்டடம் முன்னாளில் இராணி மங்கம்மாளின் அரண்மனையாக இருந்தது. பெயரன் விசயரங்க சொக்கநாதரின் இளமைக் காலத்தில் ஆட்சிப் பொறுப்பேற்ற அவ்வரசியார், வழிப்போக்கர்களுக்காகச் சாலைகளையும் சத்திரங்களையும் அமைத்தமைக்காகப் போற்றப்படுகிறார். மதுரைத் தொடர்வண்டி நிலையத்தின் எதிரே உள்ள மங்கம்மாள் சத்திரம் அவர் பெயரை இன்றும் தாங்கியுள்ளது. பிறர் அஞ்சாது வழிநடக்க வழிசெய்தவர் ஒரு பெண் என்பதைத் தங்கை தனிப் பக்கத்தில் குறித்துக்கொண்டாள்.

அதன்பின் நூலகம். குழந்தைகள் பிரிவில் தம்பி நுழைந்தான். பின்னர் அவனை வெளியே அழைத்துவருவதே பெரும்பாடாயிற்று. தங்கை மேல்தளங்களில் ஒவ்வோர் அடுக்காக நடந்தாள். ஓரிடத்தில் அமர்ந்து ஒரு நூலின் முப்பது பக்கங்களைப் படித்தாள். அண்ணன் அவளுக்கு எதிரே அமர்ந்திருந்தான். அவள் இருப்பதையே மறந்து படிப்பதை அவன் அன்றுதான் கண்டான். ஈராண்டுகளாக இந்நகரில் பயின்றும் தான் ஒருநாளும் வராத இடத்திற்கு, இந்நகரை அறியாத தங்கை தன்னை அழைத்து வந்திருப்பதையும் எண்ணிப் பார்த்தான்.

மண்ணுக்கடியில் ஒரு நகரம்

மூன்றாம் நாள் கீழடிக்குச் சென்றனர். மதுரைக்குத் தென்கிழக்கே ஏறத்தாழ 12 கி.மீ. தொலைவில், சிவகங்கை மாவட்டத்தில் உள்ளது கீழடி. 2014–15இல் இந்தியத் தொல்லியல் துறை அகழாய்வைத் தொடங்கியது; பின்னர்த் தமிழ்நாடு அரசின் தொல்லியல் துறை அதனைத் தொடர்ந்தது. இங்குக் கிடைத்த கரிம மாதிரிகளுள் ஒன்று கி.மு. 580ஆம் ஆண்டு அளவினது எனக் கணிக்கப்பட்டது. செங்கல் கட்டுமானங்கள், உறைகிணறுகள், தக்களிகள், அணிகலன்கள் ஆகியவை வைகைக் கரையில் நகர வாழ்வு செழித்திருந்ததைக் காட்டுகின்றன. 2023 மார்ச் 5 அன்று அங்கு அருங்காட்சியகம் திறக்கப்பட்டது.

அங்குத் தம்பியைக் கவர்ந்தவை பானையோட்டை உருட்டித் தேய்த்துச் செய்த வட்டச் சில்லுகள். அவை விளையாட்டுக் காய்களாகப் பயன்பட்டிருக்கலாம் என்பர். "இதுபோல் எங்கள் தெருவிலும் செய்வோம்" என்றான் அவன். தங்கை நின்ற இடம் எழுத்துப் பொறித்த பானையோடுகள் இருந்த பேழை. 'ஆதன்', 'குவிரன்' முதலான பெயர்கள் தமிழி எழுத்தில் பானையோடுகளில் கீறப்பட்டுள்ளன. அரசர் கல்லில் பொறிப்பதுண்டு. தம் பானையில் தம் பெயரைக் கீறியவர்கள், எழுதப் படிக்க அறிந்த எளிய மக்களாகவும் இருக்கலாம். பேழையின் கண்ணாடி வழியே பார்த்துப் பார்த்து, அவள் தன் பெயரையும் தமிழி எழுத்தில் குறிப்பேட்டின் அட்டையில் எழுதினாள்.

ஆற்றில் நின்ற அண்ணன்

மாலையில் நகரத்துக்குத் திரும்பி வைகைக் கரையில் அமர்ந்தனர். ஆற்றில் நீர் ஒரு சிற்றோடைபோல் ஓடியது. அவ்விடத்தில் அண்ணன் ஒரு கதையை நினைவூட்டினான். அலங்காநல்லூர்ப் பகுதியில் எல்லார்க்கும் தெரிந்த கதைதான் அது.

தங்கை மீனாட்சியின் திருமணத்தைக் காண அழகர்மலையிலிருந்து அண்ணன் அழகர் புறப்பட்டு வருகிறார். வழியெங்கும் அடியவர் வழிபாட்டை ஏற்று அவர் வைகையை அடைவதற்குள் திருமணம் முடிந்துவிடுகிறது. சினமுற்ற அழகர், மதுரை நகருக்குள் செல்லாமலே ஆற்றில் இறங்கி, வண்டியூர் நோக்கிச் சென்றுவிடுகிறார். மக்கள் வழங்கும் கதை இது. கோயில் மரபு வேறு. திருப்பரங்குன்றத்துப் பவளக்கனிவாய்ப் பெருமாள் மதுரைக்கு எழுந்தருளி, மீனாட்சியைத் தாரைவார்த்துக் கொடுக்கிறார்.

அழகர் விழாவும் மீனாட்சி திருமண விழாவும் முன்னாளில் தனித்தனியே நடந்தவை. அழகர் அலங்காநல்லூர் வழியே தேனூருக்குச் சென்று அங்கு வைகையில் இறங்கினார் என்றும், திருமலை நாயக்கர் காலத்தில் அந்நிகழ்வு மதுரைக்கு மாற்றப்பட்டது என்றும் கூறுவர். அழகர் அலங்காரம் செய்துகொண்ட ஊராதலின் அலங்காரநல்லூர் என்பதே அலங்காநல்லூர் ஆயிற்று என்பது மக்கள் வழக்கு. வண்டியூர்ப் பகுதி ஆற்றில் உள்ள மண்டபம் 'தேனூர் மண்டபம்' எனப்படுவதும் அப்பழைய வழியை நினைவூட்டுகிறது. தொ. பரமசிவன் எழுதிய 'அழகர் கோயில்' என்னும் ஆய்வுநூல் இவ்விழாவையும் இதன் பின்னணியையும் விரிவாக ஆராய்கிறது.

கதையைக் கூறி முடித்த அண்ணன் சிறிதுநேரம் ஆற்றைப் பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு, "நம் ஊர் வழியாக வந்த அண்ணன் தன் தங்கை வாழும் ஊருக்குள் போகவே இல்லை" என்றான்.

"நீ வந்துவிட்டாயே" என்றான் தம்பி.

மூவரும் சிரித்தனர். அண்ணன் எழுந்து மணலைத் தட்டிக்கொண்டே, "நூலகத்தைப் பற்றி அப்பாவிடம் நானும் பேசுகிறேன். ஆனால், வழியை நீதான் சொல்ல வேண்டும்" என்றான்.

ஊர் திரும்பல்

இரவில் மூவரும் அலங்காநல்லூரை அடைந்தனர். "என்ன வாங்கி வந்தீர்கள்?" என்று தாய் கேட்டார். தம்பி கோயில் கடையில் வாங்கிய மரப் பம்பரத்தைக் காட்டினான். தங்கை குறிப்பேட்டை எடுத்துத் தந்தையின் முன் வைத்தாள்.

அதில் ஒன்றுக்குள் ஒன்றாகச் சதுர வீதிகள் இருந்தன. விளக்குத்தூணும் பத்துத்தூணும் இருந்தன. வைகை ஒரு நீண்ட கோடாக ஓடியது. கோட்டுக்கு வடக்கே தமுக்கமும் நூலகமும் குறிக்கப்பட்டிருந்தன. எங்கு இறங்கி, எந்தப் பேருந்து மாறி, எத்தனை நிமிடம் நடக்க வேண்டும் என்பவை பக்கத்தில் எழுதப்பட்டிருந்தன. ஓரிடத்தில், 'இங்குப் பூக்கடை அம்மாவிடம் வழி கேட்கலாம்' என்றும் இருந்தது.

தந்தை படத்தை நெடுநேரம் பார்த்தார். வயலின் வாய்க்காலும் வரப்பும் அறிந்தவர் அவர்; வரைபடத்தைப் படிக்க அவருக்கு எவரும் கற்பிக்க வேண்டியதில்லை. பிறகு விரலால் வைகையைத் தொட்டு, "நூலகத்துக்குப் போக இந்த ஆற்றைக் கடக்க வேண்டுமா?" என்று கேட்டார்.

"வேண்டாம் அப்பா. நம் கரையிலேயே இருக்கிறது" என்றாள் அவள்.

"சனிக்கிழமை போனால் எத்தனை மணிக்குத் திரும்பி வருவாய்?" என்றார் தந்தை.

கற்பவை கற்றபின்

1. உங்கள் ஊருக்கு அருகிலுள்ள நகரத்தின் தெருப்பெயர்கள் பத்தினைத் தொகுத்து, அப்பெயர்கள் தோன்றிய காரணங்களை ஊர்ப் பெரியோரிடம் கேட்டு எழுதுக.
2. உங்கள் வீட்டிலிருந்து நூலகத்திற்குச் செல்லும் வழியை, அவ்வழியை அறியாத ஒருவருக்குப் புரியுமாறு வரைபடமாக வரைந்து விளக்குக.
3. ஒரே இடத்தைக் கண்டுவந்த உடன்பிறந்தாரோ நண்பர்களோ மூவரிடம், அவர்கள் மனத்தில் நின்றது எதுவெனக் கேட்டு ஒப்பிடுக.

மதிப்பீடு

குறுவினா

1. மாரட் வீதி, பெருமாள் மேஸ்திரி வீதி என்னும் பெயர்கள் அமைந்த காரணம் யாது?
2. தேனூர் மண்டபம் எதனை நினைவூட்டுகிறது?

சிறுவினா

1. சித்திரைத் தேர் மாசி வீதிகளில் ஓடுவதற்கான காரணத்தை விளக்குக.
2. 1939 ஜூலை 8ஆம் நாள் நிகழ்வின் சிறப்பினை எழுதுக.

நெடுவினா

1. 'கோவலன் ஊர் கண்டான். கண்ணகி ஊர் சூழ்ந்தாள்' – இக்கூற்றைப் பாடக் கருத்தின்வழி ஆராய்க.
2. தந்தை இறுதியாகக் கேட்ட வினா எதனை உணர்த்துகிறது? புறப்படும்முன் வீட்டில் எழுந்த வினாவோடு ஒப்பிட்டு உம் கருத்தைப் புலப்படுத்துக.